சிறு தொகைக்குப் பெரிய விதி

ஹைதராபாதில் நான் தங்கியிருக்கும் தெருவின் முனையில் ஓர் அக்கா தையற்கடை நடத்துகிறார். ஒன்பது ஆண்டுகளாக நடக்கும் கடை. காலால் மிதிக்கும் எந்திரங்கள் இரண்டு, பழைய ஓவர்லாக் எந்திரம் ஒன்று, துணை வேலைக்கு ஒரு பெண். எல்லாம் சீட்டுப் பணத்தில் வாங்கியவை. வங்கியிடம் அவர் ஒருபோதும் கடன் பெற்றதில்லை. சென்ற ஆண்டு, பள்ளிச் சீருடைகளை மொத்தமாகத் தைத்துக் கொடுக்கும் வாய்ப்பு ஒன்று வந்தது. விசைத் தையல் எந்திரங்கள் நான்கு வாங்கி, கடையைச் சற்று விரிவாக்கினால் மேலும் மூன்று பேருக்கு வேலை கொடுக்கலாம் என்று கணக்கிட்டார். செலவு 4 இலட்சம் ரூபாய். ஒன்றிய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்கு மானியம் உண்டென்று யாரோ சொல்ல, விண்ணப்பித்தார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்.

சில வாரங்களில் மறுப்பு வந்தது. காரணம் ஒரே வரியில், ஆங்கிலத்தில் இருந்தது: ஏற்கெனவே இயங்கும் தொழில். அதை நான் விளக்கிச் சொன்னபோது அக்கா தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்: "அப்படியானால் இந்த ஒன்பது வருஷமும் நான் கடையே திறக்காமல் இருந்திருக்க வேண்டுமா, தம்பி?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு அத்திட்டத்தின் வழிகாட்டு நெறிகளை முழுமையாகப் படித்தேன். மொழியியல் படித்தவனுக்கு விதிகளின் வாசகத்தைப் படிப்பது தொழில்சார்ந்த பழக்கம். படித்து முடித்தபோது தெரிந்தது: அந்த மறுப்பு ஓர் அலுவலரின் பிழையன்று, விதி அப்படித்தான் சொல்கிறது. தவறு ஆளிடம் இருந்தால் முறையிடலாம். விதியிலேயே இருந்தால் விதியைப் பற்றித்தான் பேச வேண்டும். இப்பதிவு அதற்காக.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993இல் தொடங்கிய பிரதமரின் ரோஜ்கார் யோஜனாவையும், 1995இல் தொடங்கிய ஊரக வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தையும் இணைத்து 2008இல் உருவாக்கப்பட்டது இது. காதி கிராமத் தொழில் ஆணையம் நாடு முழுமைக்குமான பொறுப்பு அமைப்பு. பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் திட்டச் செலவில் 15 விழுக்காடும், ஊரகத்தில் 25 விழுக்காடும் மானியம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 25, ஊரகத்தில் 35 விழுக்காடு. திட்டச் செலவின் உச்சவரம்பு உற்பத்தித் தொழிலுக்கு 25 இலட்சமாகவும், சேவைத் தொழிலுக்கு 10 இலட்சமாகவும் இருந்தது. 2022இல் முறையே 50 இலட்சம், 20 இலட்சம் என உயர்த்தப்பட்டது.

அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 4 இலட்சத்தில் 5 விழுக்காடாகிய 20,000 ரூபாய் அவர் கையிலிருந்து போட வேண்டும். எஞ்சிய 3.8 இலட்சத்தை வங்கி கடனாகத் தரும். அதில் 1 இலட்சம் ரூபாய் அரசின் மானியமாக வந்து சேரும். ஆக, அரசு அவருக்காகச் செலவிட வேண்டியிருந்தது 1 இலட்சம் ரூபாய். அந்த 1 இலட்சத்தைச் சூழ்ந்து எத்தனை வேலிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

புதிய தொழிலாக இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டுமே பயன்பெறலாம். சேவைத் தொழிலில் திட்டச் செலவு 5 இலட்சத்தையும், உற்பத்தியில் 10 இலட்சத்தையும் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். திட்ட அறிக்கை வேண்டும். தொழில்முனைவோர் பயிற்சி வேண்டும். செய்யக்கூடாத தொழில்களின் பட்டியலில் இடம்பெறாத தொழிலாக இருக்க வேண்டும். அப்பட்டியலில் இறைச்சி சார்ந்த தொழிலும், இறைச்சி உணவைப் பரிமாறுவதும் நெடுங்காலம் இருந்தன. பிற்பாடுதான் உணவகங்களுக்குத் தளர்வு வந்தது. பிரியாணிக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில் ஒருவர் பிரியாணிக் கடை வைக்க இத்திட்டத்தை நாடமுடியாத காலம் ஒன்று இருந்தது என்பது, விதி எழுதுவோர் எங்கிருந்து நாட்டைப் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டப் போதும்.

இவை அனைத்தையும் கடந்து கடன் ஒப்பளிக்கப்பட்டாலும், மானியம் உடனே கடனில் கழிக்கப்படாது. அத்தொகை வங்கியிலேயே, பயனாளியின் பெயரில், மூன்றாண்டு வைப்பு ரசீதாக வைக்கப்படும். வைப்புத் தொகைக்கு வட்டி கிடையாது. கடனில் அதற்கு இணையான பகுதிக்கும் வட்டி வசூலிக்கப்படாது. மூன்றாண்டு கழித்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே மானியம் கடனோடு சரிசெய்யப்படும். இடையில் தொழில் நொடித்துப்போய், அதற்குப் பயனாளியின் கைமீறிய காரணம் இல்லாவிட்டால், மானியம் அரசுக்குத் திரும்பிவிடலாம். கடன் மட்டும் அவரிடம் நிற்கும்.

இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு காரணம் சொல்லமுடியும் என்பதை மறுக்கவில்லை. மானியத்தைப் பெற்றுக்கொண்டு மறுநாளே கடையை மூடிவிடுவோர் உண்டு. ஆகவே மூன்றாண்டுப் பூட்டு. ஒரே குடும்பம் பலமுறை பெற்றுவிடலாம். ஆகவே கணவன் மனைவி விதி. வேலையில்லாதோருக்கு வேலை உருவாக்குவதே நோக்கம்; ஆகவே புதிய தொழில் என்ற நிபந்தனை. என் கேள்வி விதிகளின் காரணத்தைப் பற்றியது அன்று, அவற்றின் அளவைப் பற்றியது. இந்த அளவுத் தொகைக்கு இந்த அளவு ஐயம் தகுமா?

இவ்விடத்தில் ஒரு சொல்லை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். இலத்தீன் சட்டமொழியில் 'டி மினிமிஸ்' என்றொரு தொடர் உண்டு. அற்பமானவற்றில் சட்டம் தலையிடாது என்னும் முதுமொழியின் முதல் இரு சொற்கள் அவை. இது நமக்கு அயலான கருத்தன்று. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, இயல்பான அறிவுள்ள எவரும் குறைசொல்லாத அளவு சிறிய தீங்கைக் குற்றமாகக் கருதலாகாது என்றது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 33ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. உலக வணிக அமைப்பில் வேளாண் மானியம் பற்றிய பேச்சுகளில் நம் நாடு அடிக்கடி எடுத்தாளும் சொல்லும் இதுவே: வளரும் நாடுகள், விளைச்சல் மதிப்பில் 10 விழுக்காடு வரை தரும் ஆதரவு 'டி மினிமிஸ்' என்னும் கணக்கில் சேர்ந்து, குறைத்தாக வேண்டிய மானியத்திலிருந்து விலக்குப் பெறும். ஜெனீவாவில் இச்சொல்லுக்காக வாதாடும் நாம், உள்ளூரில் தையற்கடைக்கு அதைப் பொருத்திப் பார்த்ததே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் பொருத்திப் பார்த்திருக்கிறது. அங்கே உறுப்பு நாடுகள் தத்தம் தொழில்களுக்கு நிதியுதவி செய்வதற்குக் கடுமையான தடை உண்டு. ஒரு நாடு தன் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்துப் பொதுச் சந்தையில் போட்டியைக் குலைத்துவிடக்கூடாது என்பதற்காக, உதவித் திட்டங்களை ஐரோப்பிய ஆணையத்துக்கு முன்கூட்டியே அறிவித்து ஒப்புதல் பெறவேண்டும் என்பது ஒப்பந்த விதி. ஆனால் குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட உதவிக்கு இந்தக் கெடுபிடி வேண்டாம் என்று 'டி மினிமிஸ்' விதிமுறை விலக்களிக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2023/2831 எண் விதிமுறையின்படி, ஒரே நிறுவனம் ஓர் உறுப்பு நாட்டிடமிருந்து மூன்றாண்டுகளில் 3 இலட்சம் யூரோ வரை பெறலாம். அதற்கு முந்தைய வரம்பு 2 இலட்சம் யூரோ.

அவ்விதிமுறையில் என்னை ஈர்த்தவை இரண்டு கூறுகள். ஒன்று, பெரிய குழுமங்கள் தம்மைச் சிறுசிறு நிறுவனங்களாகப் பிரித்துக் காட்டி வரம்பை ஏய்க்காதபடி, ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் நிறுவனங்கள் அனைத்தையும் ஒரே நிறுவனமாகக் கணக்கிடுகிறார்கள். ஐயம் அங்கேயும் உண்டு. அது வலியோரை நோக்கியது. அவர்கள் ஒருமையைப் பங்குரிமையையும் வாக்குரிமையையும் கொண்டு அளக்கிறார்கள். நம் விதி திருமணத்தைக் கொண்டு அளக்கிறது. கணவர் தம் பெயரில் ஒரு தொழிலுக்கு மானியம் பெற்றுவிட்டால், வேறொரு தொழில் செய்யும் மனைவிக்கு வாய்ப்பில்லை.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. 2026 ஜனவரி 1 முதல், இவ்வகையில் தரப்படும் ஒவ்வோர் உதவியையும் மையப் பதிவேட்டில் ஏற்றவேண்டிய கடமை, உதவி தரும் அரசுக்கே உரியது. 20 வேலை நாட்களுக்குள் ஏற்ற வேண்டும். அதற்குமுன் நிறுவனங்களிடம், இதுவரை எவ்வளவு பெற்றீர்கள் என்று உறுதிமொழி வாங்கும் வழக்கம் இருந்தது. இனி கணக்கு வைப்பது கொடுப்பவரின் வேலை, வாங்குபவரின் வேலையன்று.

ஒப்பீட்டில் நேர்மை வேண்டும். ஐரோப்பிய விதி வறுமையை ஒழிக்க எழுதப்பட்டதன்று. அது சந்தைப் போட்டிக்கான விதி. 3 இலட்சம் யூரோ என்பது கோடிக்கணக்கில் ரூபாய். நம் தெருவின் சிறுதொழிலோடு அதற்கு உறவில்லை. நம் திட்டமோ வேலைவாய்ப்புக்கானது. இந்தியாவில் தொழில்களுக்கான அரசு உதவியைப் பொதுவாகக் கட்டுப்படுத்தும் அத்தகைய சட்டமும் இல்லை. ஆகவே அவர்களின் வரம்பையோ வாசகத்தையோ எடுத்து ஒட்டச் சொல்லவில்லை. அவ்விதியின் அடியிலுள்ள மனப்பாங்கை மட்டும் பாருங்கள் என்கிறேன்: தொகை சிறிதாகும்போது கேள்விகளும் சிறிதாக வேண்டும். நம் நாட்டில் இந்த விகிதம் தலைகீழாக நிற்கிறது.

தலைகீழ் என்று சொல்வது மிகையா? இன்னொரு இலத்தீன் தொடரைப் பாருங்கள். 'பாரி பாஸு', அதாவது ஒத்த நடையில், இணையாக. அரைக்கடத்தி ஆலைகளுக்கான ஒன்றிய அரசின் திட்டத்தில் இத்தொடர் வருகிறது. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்ட அத்திட்டம், 2022 செப்டம்பரில் திருத்தப்பட்டது. திருத்தத்தின்படி, திட்டச் செலவில் 50 விழுக்காட்டை அரசு 'பாரி பாஸு' முறையில் தரும். நிறுவனம் முதலீட்டைச் செலுத்தச் செலுத்த, அரசும் தன் பங்கை உடனுக்குடன் செலுத்தும். குஜராத்தின் சாணந்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட மைக்ரான் ஆலையின் மொத்த முதலீடு 275 கோடி டாலர். அதில் ஒன்றிய அரசின் பங்கு 50 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 20 விழுக்காடு.

அரைக்கடத்தித் தொழில் நாட்டுக்கு வேண்டாம் என்பதல்ல என் வாதம். அத்தகைய ஆலைக்குத் தொழில்நுட்ப ஆய்வும் பேச்சுவார்த்தையும் நடக்கின்றன என்பதும் தெரியும். பெருந்தொழில் உதவிகள் அனைத்தும் முன்கூட்டியே தரப்படுவதும் இல்லை. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத் திட்டத்தில் விற்பனையைக் காட்டிய பிறகே பணம் வருகிறது. ஆயினும் இந்த இரு வாசகங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. பெரியவரோடு அரசு இணையாக நடக்க ஒப்புகிறது. சிறியவரிடமோ, மூன்றாண்டு நீ தனியே நடந்து காட்டு, விழாமல் வந்து சேர்ந்தால் கைகொடுக்கிறேன் என்கிறது. விழுந்தால் எழமுடியாதவர் யார், எழக்கூடியவர் யார் என்ற கேள்விக்கு விடை தெரிந்தும் விதி இப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். ஏற்கெனவே இயங்கும் தொழிலுக்கு இத்திட்டத்தில் இடமே இல்லையா? ஒரு வாயில் இருக்கிறது. தொழிலை மேம்படுத்த இரண்டாம் கடன் என்றொரு பிரிவு உண்டு. அதில் 15 விழுக்காடு மானியம், மலைப்பகுதிகளுக்கும் வடகிழக்குக்கும் 20. ஆனால் அவ்வாயில் ஏற்கெனவே இத்திட்டத்திலோ, இதற்கு முந்தைய ஊரகத் திட்டத்திலோ, முத்ரா திட்டத்திலோ கடன் பெற்று ஒழுங்காகச் செலுத்தியவர்களுக்கு மட்டும் திறக்கும். கடன் வாங்கி வளர்ந்தவர் உள்ளே வரலாம். சீட்டுப் பிடித்து வளர்ந்தவர் வரமுடியாது. அரசிடம் எதுவும் கேட்காமல் ஒன்பதாண்டு தொழில் நடத்தியதே அவருடைய தகுதிக்குறைவாகிவிட்டது.

வேறு திட்டங்கள் உண்டே என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தையலும் ஒன்று. கருவிகளுக்கு 15,000 ரூபாய், முதற்கட்டமாக 5 விழுக்காடு வட்டியில் 1 இலட்சம் கடன். ஆனால் நான்கு எந்திரம் வாங்கி மூவருக்கு வேலை கொடுக்க நினைப்பவருக்கு அது போதாது. குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் தொழிலுக்கே 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 இலட்சம் வரை மானியம் உண்டு. அக்கா மசாலாப் பொடி அரைத்து விற்றிருந்தால் அங்கே இடம் கிடைத்திருக்கும். துணி தைத்ததால் இல்லை.

ஒரே பெண் ஒரு திட்டத்தின் அகராதியில் கைவினைஞர். இன்னொன்றில் ஏற்கெனவே இயங்கும் தொழில். மற்றொன்றில் அவருக்குப் பெயரே இல்லை. சொற்பொருளியலில் நாங்கள் சொல்வதுண்டு: வரையறை என்பது ஒரு பொருளை விளக்குவதோடு நில்லாது, எல்லைக்கோடும் போடுகிறது. திட்டங்களின் வரையறைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அமைச்சகங்களில், தனித்தனிக் காலங்களில் எழுதப்பட்டவை. அவற்றின் கோடுகளுக்கு இடையில் கிடக்கும் நிலத்தில்தான் பெரும்பாலான சிறுதொழில்கள் நடக்கின்றன.

இந்தச் சூழலில் 'மானியம்' என்ற சொல்லின் வரலாறு எனக்கு வியப்பூட்டியது. மதிக்கத்தக்கது என்னும் பொருள்தரும் வடசொல்லின் வழி வந்த சொல் அது. பழைய வருவாய் ஆவணங்களில் மானியம் என்றால் வரிநீக்கி வழங்கப்பட்ட நிலம். கோயிலுக்கும் அந்தணர்க்கும் வழங்கியதோடு, ஊர்க்காவலர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் போன்ற ஊர்ப்பணியாளர்க்கும் ஊழிய மானியம் வழங்கப்பட்டது. ஒருவர் செய்துவரும் பணிக்காக அவருக்குத் தரப்பட்டது அது. அம்முறை சாதியோடு பிணைந்தது, பிறப்பால் மனிதரைத் தொழிலில் கட்டிவைத்தது. அதை மீட்டெடுக்க யாரும் விரும்பமாட்டார்கள், நானும் விரும்பவில்லை. சொல்லின் பயணத்தை மட்டும் கவனியுங்கள்: செய்துகொண்டிருக்கும் வேலைக்காகத் தரப்பட்டதன் பெயர், இன்று செய்துகொண்டிருக்கும் வேலையின் காரணமாகவே மறுக்கப்படுவதன் பெயராகியிருக்கிறது. மதிப்பு என்ற பொருள் தேய்ந்து, இரக்கத்தோடும் ஐயத்தோடும் போடப்படும் காசு என்ற பொருள் வந்து சேர்ந்திருக்கிறது.

எதிர்வாதங்களைத் தள்ளிவிட்டுப் போகமுடியாது. வலிமையானது இது: ஏற்கெனவே நடக்கும் கடைகளுக்குத் திறந்துவிட்டால், எப்படியும் எந்திரம் வாங்கியிருக்கக்கூடியவரும் மானியம் பெறுவார், அரசுப் பணம் புதிதாக எதையும் உருவாக்காமல் கரையும். உண்மைதான். ஆனால் இதற்கு மருந்து, தொழில் புதியதா என்று பார்ப்பதன்று; வாங்கும் எந்திரம் புதியதா, வேலைக்கு வரும் ஆள் புதியவரா என்று பார்ப்பது. புதுமையைக் கடையின் பிறந்தநாளில் தேடாமல், பணம் போகும் பொருளில் தேடலாம். இன்றைய விதிக்கும் கசிவு உண்டு: நடக்கும் கடையை மறைத்து, உறவினர் பெயரில் புதிய பலகை மாட்டி விண்ணப்பிக்கும்படி அது தூண்டுகிறது. அக்காவிடமும் ஒருவர் அந்த யோசனையைச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். பொய் சொல்பவரை உள்ளே விட்டு, உண்மை சொல்பவரை வெளியே நிறுத்தும் விதி மோசடியைத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாவது எதிர்வாதம்: சிறுதொகைகள் சேர்ந்தால் பெருந்தொகை, மேற்பார்வை இல்லாவிட்டால் ஓட்டை. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம், தெருவோர வணிகர்களுக்கு ஈடு கேட்காமல் முதலில் 10,000 ரூபாய் கடன் தந்தது. அதை ஒழுங்காகச் செலுத்தினால் 20,000, பிறகு 50,000. வட்டியில் 7 விழுக்காடு மானியம். அத்திட்டம் புதிய வணிகரைத் தேடவில்லை. 2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ தெருவில் வணிகம் செய்துகொண்டிருந்தவரைத் தேடியது. ஏற்கெனவே இயங்குவது அங்கே தகுதி. சிறிதாகக் கொடு, திருப்பிச் செலுத்துவதைப் பார், பிறகு பெரிதாகக் கொடு என்ற முறையே மேற்பார்வையின் வேலையைச் செய்தது. நம்பிக்கையைப் படிப்படியாக வளர்க்க இந்த அரசு இயந்திரத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. விதிகளைத் தளர்த்தவும் தெரியும்: பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திலேயே, விண்ணப்பங்களைப் பரிசீலித்த மாவட்ட அளவிலான பணிக்குழுவை 2020இல் நீக்கி ஒரு படியைக் குறைத்தார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: நமக்கென்று ஒரு 'டி மினிமிஸ்' கோடு வேண்டும். மூன்றாண்டுகளில் மொத்தம் 2 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட அரசு உதவி என்று வைத்துக்கொள்வோம். எண்ணைப் பொருளியலறிஞர்கள் திருத்தட்டும். அக்கோட்டுக்குக் கீழே நான்கு மாற்றங்கள் போதும்.

முதலாவது, புதிய தொழில் என்ற நிபந்தனையை நீக்கி, வாங்கப்படும் கருவிக்கு உதவி என்று மாற்றுவது. இரண்டாவது, யார் எவ்வளவு பெற்றார் என்ற கணக்கை அரசே வைத்துக்கொள்வது. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவெண் இருக்கிறது; முறைசாராக் குறுந்தொழில்களைப் பதிவதற்கு 2023 முதல் உத்யம் உதவித் தளமும் இருக்கிறது. எல்லாத் திட்டங்களின் உதவியும் அந்த ஒரே எண்ணின்கீழ் ஏறினால், இரட்டிப்பாகப் பெறுவதைத் தடுக்க ஒவ்வொரு விண்ணப்பதாரரையும் குறுக்குவிசாரணை செய்யவேண்டியதில்லை. மூன்றாவது, மூன்றாண்டுப் பூட்டுக்கு மாற்றாக ஆண்டுக்கு ஒரு பங்கு என மானியத்தைக் கடனில் கழித்துவருவது. ஓராண்டு ஒழுங்காகத் தவணை கட்டியவருக்கு அந்த ஆண்டின் பங்கு உறுதி. மூன்றாம் ஆண்டில் விழுந்தாலும் முதலிரண்டு ஆண்டு உழைப்பு வீணாகாது. பெரியவருக்குத் தரும் இணைநடையில் சிறு பகுதியாவது சிறியவருக்கும் கிடைக்கட்டும்.

நான்காவது, என் துறை சார்ந்தது. மறுப்பு எழுதப்படும் மொழி. எந்த விதியின்கீழ் மறுக்கப்பட்டது, எதை மாற்றினால் மீண்டும் விண்ணப்பிக்கலாம், வேறெந்தத் திட்டம் பொருந்தும் என்ற மூன்றையும், விண்ணப்பித்தவர் வாசிக்கும் மொழியில் எழுதித் தருவது கட்டாயமாக வேண்டும். ஒருவரின் ஒன்பதாண்டு உழைப்பை மறுப்பதற்கு ஓர் ஆங்கில வரி போதும் என்று ஓர் அமைப்பு கருதுமானால், அவர் அதன் கண்ணில் குடிமகள் அல்லர், வெறும் கோப்பு.

இவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. வழிகாட்டு நெறிகளில் சில பத்திகளைத் திருத்தினால் ஆகும். இத்தகைய திட்டங்களின் நெறிகள், நிதிக்குழுவின் ஐந்தாண்டுச் சுழற்சியை ஒட்டி மீண்டும் எழுதப்படுவது வழக்கம். 2022இல் திருத்தப்பட்டவை 2025-26 வரைக்குமான சுழற்சிக்கு உரியவை. அடுத்த சுழற்சிக்கு எழுதும்போது, திட்டச் செலவின் உச்சவரம்பை எவ்வளவு உயர்த்துவது என்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மேல்வரம்பைப் பேசும் அதே மேசையில், எந்தக் கீழ்வரம்புக்குக் கீழே கேள்விகளை நிறுத்திக்கொள்வது என்பதையும் பேச வேண்டும்.

அக்கா இப்போது ஒரு விசை எந்திரம் மட்டும் தவணையில் வாங்கியிருக்கிறார். தவணை கொடுத்த நிதி நிறுவனத்தின் வட்டி, வங்கி வட்டியைவிட மிக அதிகம். சீருடை ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விட்டது. வேலைக்கு வரவிருந்த மூன்று பெண்களில் ஒருவர் அருகிலுள்ள அடுக்ககத்தில் வீட்டுவேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவர் சொன்னார். அரசுக் கணக்கில் இவை எதுவும் இழப்பாகப் பதிவாகாது. அங்கே பதிவாகியிருப்பது, விதிமுறைப்படி காப்பாற்றப்பட்ட 1 இலட்சம் ரூபாய்.

அவருடைய கேள்விக்கு இன்று என்னிடம் விடை உண்டு. ஆம் அக்கா, இந்த விதியின்படி நீங்கள் கடையைத் திறக்காமலே இருந்திருக்க வேண்டும். ஆகவே மாறவேண்டியது விதி.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், இத்தகைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தவர்கள் இருப்பீர்கள். எந்தத் திட்டம், எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதைக் கீழே எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், காரணம் மட்டும் போதும். மறுப்புகளைத் தொகுத்து வைத்தால் விதிகளின் உண்மையான அகராதி நமக்குக் கிடைக்கும்.